லோரியில் வந்த கடல்

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கேட்டில் துப்பாக்கியோடு ஆளை நிறுத்தி, இருட்டிவிட்டால் வெளியே தலைகாட்டக் கூடாது என்று வைத்திருந்தார்களே, அந்த மலாயா அவசரகாலத்தில் நீங்களும் பாவாடை சட்டையோ அரைக்கால் சிலுவாரோ போட்டுக்கொண்டு வேலிக்கு உள்ளே இருந்திருப்பீர்கள். உங்களுக்குப் புரியும். என் பிள்ளைகளுக்குச் சொன்னால் "ஆமாம்மா" என்கிறார்கள். கிழடுகளின் வாயை அடைக்க அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான சொல் அது.

போன மாதம் சுங்கை சோ பக்கம் இருக்கும் என் மகன் வீட்டு ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. மீன் தொட்டி என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. "மீன் தொட்டி இல்லம்மா, ரீஃப் டேங்க்" என்கிறான். உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், பெயர் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் மீன்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு மிஷின், அலை எழுப்ப ஒரு மிஷின், நீலமாக எரியும் விளக்கு. நான் சாய்ந்து உட்காரும் சோபாவைக்கூட எடுத்து வெளியே போட்டுவிட்டான். காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடல். இவன் கடையில் வாளி வாளியாக உப்பு வாங்கி வந்து வீட்டிலேயே கடல் கலக்குகிறான்.

"இதெல்லாம் உங்க தாத்தா எப்பவோ செஞ்சிட்டாரு" என்றேன்.

"ஆமாம்மா" என்றான்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பொறாமைக் கதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை அதிகம். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. கிடைத்தவர்கள் கிடைத்ததை மறந்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத்தான் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும்.

அப்பா எஸ்டேட் லோரி டிரைவர். கோலா சிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. வாரத்துக்கு ஒருமுறை அப்பா கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய் ரேஷன் சாமான் ஏற்றி வருவார். பின்னால் சாக்குகளுக்கு மேல் இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் அப்பா மட்டும். அவருக்குப் பக்கத்து சீட் காலியாகவே போகும், காலியாகவே வரும். அந்த சீட்டின் தோல் கிழிந்து தேங்காய் நார் வெளியே தெரியும். பெட்ரோலும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டும் கலந்த வாசனை அடிக்கும். லோரி நிற்கும்போது அதில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓடும்போது உட்கார்ந்ததில்லை.

எஸ்டேட் கடையை வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நானா. அவர் கடையில் ஒரு காலண்டர் தொங்கியது. கடலின் அடியைக் காட்டும் படம். சிவப்பும் மஞ்சளுமாகப் பவளம், அதன் நடுவே கோடு போட்ட மீன்கள், ஒரு மூலையில் சங்குக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டு. தேங்காய் எண்ணெய் வாங்கப் போனால் நான் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவேன். வருஷம் முடிந்ததும் படத்தை எனக்குத் தருவதாக நானா சொல்லியிருந்தார்.

"அப்பா, கடலுக்கு அடியில இப்படித்தான் இருக்குமா?"

"நான் மேலதான் பாத்திருக்கேன். அடியில எவன் பாத்தான்?"

"எனக்கு அடியிலதான் பாக்கணும்."

அப்பா சிரித்தார். "பள்ளிக்கூடம் லீவு வுடட்டும். கூட்டிட்டுப் போறேன்லா."

நான் அன்று சாயங்காலமே லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். எங்கப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், முன் சீட்டில். குழாயடியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், கேட்டில் நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிளிடம்கூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்த லீவுக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்தாள்.

அவள் என் அத்தை மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அப்பா, என் மாமா, கோலா சிலாங்கூர் ஆற்றில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் பெரிய படகில் வேலை செய்தவர். ஏற்றக்கூடாத ஆளை ஏற்றினார் என்று யாரோ சொல்லி, போலீஸ் வந்து கொண்டுபோய்விட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட முதலில் தெரியவில்லை. அத்தைக்கு நெஞ்சில் சீக்கு முற்றி அங்கேயே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அப்பா ஒரு நாள் ரேஷன் மூட்டைகளோடு அவளையும் இறக்கினார். கையில் ஒரு துணி மூட்டை, விளிம்பு உதிர்ந்த ஒரு எனாமல் கோப்பை. எனக்கு அதெல்லாம் இரண்டாவதாகத்தான் கண்ணில் பட்டது. முதலில் கண்ணில் பட்டது, அவள் முன் சீட்டிலிருந்து இறங்கினாள் என்பது.

வந்தவள் வாயைத் திறக்கவே இல்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். சோறு போட்டால் சாப்பிடுவாள், போதுமா என்றால் பதில் வராது. அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சி பேச வேண்டியதெல்லாம் பேசிட்டா. மகளுக்கு மிச்சம் வைக்கல போல" என்றாள் அப்பாவிடம்.

அம்மாவும் என் கட்சிதான். அப்பாவுக்குத் தங்கச்சி என்றால் உயிர், அது அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. இப்போது தங்கச்சியின் மகள் எங்கள் பாயில், எங்கள் தலையணையில். அப்பாவுக்குப் பக்கத்துத் தட்டு அவளுக்குப் போனது. நானும் அம்மாவும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் லோரி புறப்பட்டபோது அவள் முன் சீட்டில் ஏறினாள். நான் ஓடிப்போய் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவளுக்கு பாஸ் இருக்குடா" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரியில அம்மாவப் பாக்கப் போறா. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

"எனக்கும் பாஸ் வாங்கிக் குடுங்க."

"ஒனக்கு என்னான்னு சொல்லி வாங்குறது? ஒங்கம்மா நல்லாத்தானே இருக்கா."

லோரி போய்விட்டது. அன்றிலிருந்து அம்மா இருமினால் நான் கொஞ்சம் ஆவலாகவே திரும்பிப் பார்த்தேன். அம்மா இரும்பு மாதிரி இருந்தாள். சளிகூடப் பிடிக்கவில்லை.

இதற்குள் எஸ்டேட் கடையை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்று அரிசி, சீனி, உப்பு, டின் மீன் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். சோறுகூடப் பொதுக் குசினியில் ஆக்கித்தான் கொடுத்தார்கள். நானா டவுனுக்குப் போகும்போது கடையின் கண்ணாடி அலமாரியை அப்பாவிடம் விட்டுப் போனார். அப்பா அதைப் பிரித்துக் கண்ணாடிகளைத் தனியே எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து கால நீட்டிப் படு."

படுத்தேன். தலையிலிருந்து கால்வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"எதுக்குப்பா?"

"முடியட்டும், சொல்றேன்."

ரப்பர் மில்லில் வேலை செய்த ஃபிட்டர் அந்த அளவுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். அப்பா கண்ணாடிகளை அதில் பொருத்தி, இடுக்குகளில் தாரும் ரப்பர் பாலும் கலந்து பூசினார். வீடெல்லாம் நாற்றம். எங்கள் வீட்டில் ஒரு மூலையில்தான் தரை உறுதியான சிமெண்ட். அது அவள் படுக்கும் மூலை. தொட்டி அங்கேதான் வைக்கப்பட்டது. அதன் பின்பக்கக் கண்ணாடியில், வெளியே இருந்து உள்ளே பார்க்கும்படி, அப்பா ஒரு படத்தை ஒட்டினார். நானா கடைக் காலண்டர் படம். என் படம்.

நான் அழவில்லை. அழுதால் அவள் பார்ப்பாள். குழாயடிக்குப் போய்க் காலால் வாளியை எத்தினேன்.

லயம் முழுக்க ஒரே பேச்சு. டிரைவர் தங்கச்சி மகளுக்காகக் கடலையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்று. அதை ஆரம்பித்து வைத்தவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். அவர் அவள் நாக்கை நீட்டச் சொல்லி, தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"கடல்கரையில வளர்ந்த பிள்ளை. உள்ளே கொண்டாந்து அடைச்சா வாய் அடைச்சுப் போகும். கடலைக் கண்ணுல காட்டிக்கிட்டே இருந்தா பேச்சு வந்துரும்."

டிரசர் சொன்னால் தோட்டத்து மேனேஜர் துரை கேட்பார். வைத்தியத்துக்காகக் கடல் தண்ணீர் கொண்டுவரலாம் என்று துரை அனுமதி கொடுத்தார். அம்மா மட்டும் சொன்னாள், "எம்மகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கியாரல. தங்கச்சி மகள்னா கடலே வருது." எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் தடவை தண்ணீர் வந்தபோது எல்லாரும் கூடிவிட்டார்கள். அப்பா அதை மில்லில் கிடந்த பீப்பாய்களில் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு வாளியில் குட்டி மீன்கள். தொட்டியில் விட்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீன்கள் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டி மேலே வந்தன. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவோமே ஆசிட், அந்தப் பீப்பாய்களில் அது இருந்திருக்கிறது. அம்மா மீனை எடுத்து ஆய்ந்து பார்த்து, குழம்புக்கும் ஆகாது என்று வீசினாள். நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அப்பா அசரவில்லை. வேறு பீப்பாய் தேடி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறு வாரம் மறுபடி கொண்டுவந்தார். தண்ணீர் சேறும் சகதியுமாக இருந்தது. அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்து வடிகட்டினார். தெளியத் தெளிய மறுபடி வடிகட்டினார். தீவுப் பக்கம் வலை போடப் போகும் மீனவர்கள் பவளக் கல் கொடுத்தார்கள். ஒரு கல்லில் சுருங்கிய சதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அது விரிந்தது. விளிம்பெல்லாம் விரல் விரலாக ஆடியது. நாங்கள் அதற்குக் கடல்பூ என்று பேர் வைத்தோம். கோடு போட்ட மீன்கள் இருந்தன. கண்ணாடி மாதிரி உடம்பு தெரியும் இறால் இருந்தது. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று இருந்தது.

தண்ணீருக்கு மூச்சு வேண்டும் என்று யாரோ மீனவர் சொல்லியிருக்கிறார். அப்பா லோரி டயரின் பழைய டியூபில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்கி, மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டார். டியூபில் காற்றடித்து வைத்தால் குமிழி குமிழியாக மணிக்கணக்கில் வரும். காற்றடிப்பது யார் வேலை? என் வேலை. காலையில் பள்ளிக்கு முன்னால், சாயங்காலம் வந்ததும். கை வலி உயிர் போகும்.

"அவள அடிக்கச் சொல்லுங்க. அவ கடல்தானே?"

"நீயே அடி. ஒன் மூச்சுலதான் அதெல்லாம் உயிரோட இருக்கு" என்றார் அப்பா. நன்றாகத்தான் ஏய்க்கிறார் என்று நினைத்தேன்.

இன்னும் ஆத்திரம், அவள் அந்தத் தொட்டியைப் பார்ப்பதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வாள். வெளியே கேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தது நான். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூக்கு கண்ணாடியில் படும்படி உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அப்பா தொட்டிக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கை வைப்பார். காலண்டர் படம் தண்ணீர் வழியாக அசையும். நிஜ மீன் எது, படத்து மீன் எது என்று தெரியாது. உப்பும் தாரும் கலந்த ஈர வாசனை. இப்போதும் எங்காவது ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டால் எனக்குக் கடல் ஞாபகம்தான் வருகிறது.

நண்டு வளர்ந்து, அதன் சங்கு போதாமல் தவித்தது. பாதி உடம்பு வெளியே தொங்கியது. நான் கால்வாயோரம் தேடி, செத்துப்போன தோட்டத்து நத்தையின் ஓடு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து போட்டேன். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் நண்டு என்ன செய்தது? அது ஓட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, ஒரு நொடியில் பழைய சங்கிலிருந்து வழுக்கிப் புது ஓட்டுக்குள் போய்விட்டது. கடல் நண்டு ரப்பர் தோட்டத்து நத்தை ஓட்டில்! நான் கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊர் வெயிலும் தகரக் கூரையும்தான் காரணம். குறையக் குறைய அப்பா கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வாரா வாரம் பீப்பாய். கேட்டில் நிற்கும் கான்ஸ்டபிள் விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்புவார். "ஆயெர் லாவுத்" என்று சிரிப்பார், கடல் தண்ணீர்தான் என்று. ஆனால் ஊற்ற ஊற்றத் தொட்டி நன்றாகாமல் மோசமானது. இறால் முதலில் போனது. கடல்பூ விரியாமல் சுருங்கியே கிடந்தது. தொட்டியின் விளிம்பில், இரும்புச் சட்டத்தில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கடல் தண்ணீர் பழசாகிவிட்டது, புதுசு இன்னும் வேண்டும் என்று அப்பா நினைத்தார். இன்னும் கொண்டுவந்தார்.

அப்போதுதான் கேட்டுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்தார். அவருக்குத் தொட்டியும் தெரியாது, டிரசரும் தெரியாது. ஒரு சனிக்கிழமை பகலில் லோரியை நிறுத்தி, பீப்பாய்த் தண்ணீரை நக்கிப் பார்த்தார். உப்பு. வாரா வாரம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றார்கள். அப்பாவை முன்னால் விட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். லயமே பின்னால் வந்தது. ஆபீசர் தொட்டியைப் பார்த்தார். இவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தால் தொட்டி நிரம்பி வழிந்திருக்க வேண்டுமே, மீதி எங்கே என்று கேட்டார். கான்ஸ்டபிள் அதை மலாயில் சொன்னார்.

"வத்திப்போச்சு துவான்" என்றார் அப்பா.

ஆபீசர் தொட்டியின் விளிம்பில் விரலால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். வெள்ளை உப்பு. அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்துக் காட்டுக்கு அனுப்புகிறான், மீன் எல்லாம் சும்மா வேஷம். அந்தக் காலத்தில் அதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இது யாருக்கு, எதற்கு என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு வாயாடிக்கு அன்றைக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாயா பூஞா."

என்னுடையது என்று மலாயில் சொன்னாள். அத்தை மகள்தான். படகுத்துறையில் வளர்ந்தவள், மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆபீசருக்கு முன்னால் வந்து நின்று, எங்கம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எனக்குக் கடலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, எனக்காகத்தான் மாமா கொண்டுவந்தார் என்று கான்ஸ்டபிளிடம் கடகடவென்று சொன்னாள். ஊமை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பெண்.

லயம் "ஐயோ" என்றது. டிரசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். தன் மருந்து வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு. இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். வைத்தியம், துரையின் அனுமதி, கடல், நாக்கு. ஆபீசர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அப்பாவைக் கொண்டுபோகவில்லை.

ஆனால் தண்ணீரைக் கொட்டிவிட உத்தரவு. லோரி சாவியையும் வாங்கிவிட்டார்கள். சந்தேகம் பட்ட ஆளை ரேஷன் லோரியில் வைத்திருக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டார். அப்பா அடுத்த வாரத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். கடைசிவரை வெட்டுக்காரர்தான். முன் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். என் கடல் அதோடு முடிந்தது.

அந்த நாளில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பா பிழைத்தாரே என்று இல்லை. என் அப்பாவைக் காப்பாற்றியவள் அவள் என்றுதான். லயத்தில் ஒவ்வொருவரும் அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்கள். அம்மாகூடக் கட்சி மாறி அவள் தட்டில் கூடுதலாகக் குழம்பு ஊற்றினாள். தொட்டியும் அவளுக்கு, சீட்டும் அவளுக்கு, அப்பாவைக் காப்பாற்றிய பேரும் அவளுக்கு. எனக்குக் காற்றடித்துக் காய்த்துப்போன கை.

அத்தை உடம்பு தேறினாள். மாமாவும் ஒரு நாள் வெளியே வந்தார். அவள் கடல்கரைக்கே போய்விட்டாள். டயர் டியூபையும் அப்பா அவளுக்கே கொடுத்தனுப்பினார், ஆற்றில் மிதக்க. நத்தை ஓடு எங்கே போனது என்று தெரியவில்லை. கயிறும் போய்விட்டது. தொட்டிக் கண்ணாடிகளில் ஒன்று மட்டும் இருக்கிறது. அப்பா இறந்தபோது அவர் படத்துக்குச் சட்டம் போட அதைத்தான் வெட்டினோம்.

கடலை நான் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு, கோலா சிலாங்கூரில். சேறு. சாம்பல் நிறத் தண்ணீர். அடியும் தெரியவில்லை, மேலும் தெரியவில்லை. இதற்கா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வாரம் என் மகன் தொட்டியைப் பார்க்க அவள் வந்திருந்தாள். ஆமாம், அத்தை மகள். இருவருக்கும் முட்டி வலி, இருவருக்கும் சர்க்கரை. கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம், சிரிப்போம், நான் உள்ளுக்குள் பழையதை எண்ணிக்கொள்வேன். தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. மகன் ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினான்.

"டேய், அது நல்ல தண்ணி. உப்புத் தண்ணிய ஊத்துடா" என்று கத்தினேன்.

"நல்ல தண்ணிதாம்மா ஊத்தணும். வத்துறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளேயே இருக்கும். உப்புத் தண்ணிய ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போய் எல்லாம் செத்துரும்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு லயத்துக் குழாயடி பக்கத்திலேயே இருந்தது. குழாய்த் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது. தொட்டி நிரம்பிய பிறகு இன்னொரு பீப்பாயே வேண்டியிருக்கவில்லை.

"மாமாவுக்கு யாரும் சொல்லல" என்றாள் அவள்.

"ஒனக்காகத்தானே செஞ்சாரு" என்றேன். குரலில் இருந்தது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கா? யாரு சொன்னா? நான் கடல்லயே பொறந்தவ, எனக்கு எதுக்குப் புள்ள தொட்டி? ஒனக்குத்தான்."

நான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எம்மவளுக்கு அடியில பாக்கணுமாம், கூட்டிட்டுப் போக பாஸ் குடுக்க மாட்டேங்குறான், அதான் அடியையே கொண்டுபோறேன்னு லோரியில சொல்லிக்கிட்டே வருவாரு. டிரசரு வைத்தியம்னு ஒளறுனது மாமாவுக்கு வசதியாப் போச்சு. அனுமதி கெடைச்சிச்சு. அதான் வெளிய ஒண்ணும் சொல்லல."

"நீ ஏன் அன்னிக்கு ஒன்னோடதுன்னு சொன்ன?"

"எங்கப்பாவத்தான் ஏற்கெனவே பிடிச்சுக்கிட்டுப் போயாச்சே. எம்பேரு அவங்ககிட்ட முன்னாலயே இருக்கு. ஒம்பேரு எதுக்கு?"

"அப்ப நீ ஊமையா இருந்தது?"

"எங்கம்மா சொல்லி அனுப்புனா. யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத, ஒரு வார்த்தையில ஒங்கப்பா உயிர் போயிரும்னு. நான் தொறக்கல. அவ்வளவுதான். கடலாவது ஒண்ணாவது."

அவள் சிரித்தாள். நான் அழுதேன். படுத்துக் காட்டச் சொல்லி அளந்த கயிறு, காலண்டர் படம், ஒன் மூச்சுலதான் என்றது, வாசலில் நின்று என்னைப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முடியட்டும் சொல்றேன் என்றாரே. முடியவே இல்லை. தோற்றுப்போனதைப் பற்றி அந்தக் கால ஆம்பிளைகள் பேச மாட்டார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவரு?"

"ஒங்கிட்ட சொன்னா லயம் பூரா தம்பட்டம் அடிச்சிருவியாம். அனுமதி போயிருமாம். நான்தான் வாயத் தொறக்க மாட்டேனே, அதனால எங்கிட்ட கொட்டுவாரு. போறப்பவும் வர்றப்பவும் ஒம்பேச்சுதான். எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துரும். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்."

அவள் போன பிறகு தொட்டியின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மகன் வந்து, "என்னாம்மா, சந்தோஷமா?" என்றான். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். தொட்டி எனக்குத்தான் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த முன் சீட்டில், போகும்போதும் வரும்போதும், என் அப்பா என்னைப் பற்றியே பேசிக்கொண்டு போயிருக்கிறார். அதை முழுக்க உட்கார்ந்து கேட்டவள் அவள். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.